அண்ணன் யார் குரலில் பேசுகிறான்

புரட்டாசி இரண்டாம் செவ்வாய், மாலை நான்கு இருபதுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் பாடம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தேன். எழுதியவர் பிரான்சின் தெற்குப் பகுதியில் ஒரு மேட்டுநிலக் கிராமத்தில் இருக்கும் நாவலாசிரியர். எண்பத்தாறு வயது. அவருடைய இரண்டாவது நாவலை நான் மொழிபெயர்த்து முடித்து, அச்சகத்திலிருந்து பிழை பார்க்க மெய்ப்பும் வந்திருந்தது. கோவில்பட்டியில் வெளியீட்டுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"நாவலில் வரும் அண்ணன் தமிழில் யாருடைய குரலில் பேசுகிறான்?"

சாதாரணமாகக் கேட்டதுதான். பதில் எனக்குத் தெரியும். நாகலாபுரத்தில் இருக்கும் என் கணவரின் அண்ணன் குரலில் பேசுகிறான். குரல் மட்டும் இல்லை, அவர் என்றோ ஒரு நாள் சொன்ன வாக்கியங்களையே எழுத்து மாறாமல் பேசுகிறான். இது அவருக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. வெளியீட்டுக்கு அண்ணனும் மதினியும் கட்டாயம் வரவேண்டும் என்று முந்தின ஞாயிறுதான் என் கணவர் போனில் அழைத்திருந்தார்.

இது எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். கல்யாணமாகி இந்தக் கோவில்பட்டிப் பக்கம் வந்தபோது இவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசினால் கணவர் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணன் மனைவி, முதல் வாரத்திலேயே எனக்குப் 'பாண்டிச்சேரி' என்று பெயர் வைத்துவிட்டாள். நான் அவளை அக்கா என்றும் அந்த அண்ணனை அத்தான் என்றும் கூப்பிடுவேன். அதனால் கேட்டதையெல்லாம் எழுதிவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு படித்ததும் அப்படித்தான். நாட்குறிப்பில் அன்றன்று நடந்தது நீல மையில். யாராவது பேசியது அப்படியே சிவப்பு மையில். பேச்சு பிடிபட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. இருபத்தாறு நோட்டுகள் இருக்கின்றன. முதுகில் எண் ஒட்டி அலமாரியின் கீழ்த் தட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன். கணவர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவர் அவற்றைத் தொட்டதில்லை. சாமான் கணக்கு என்று நினைத்திருக்கலாம்.

நாவலை மொழிபெயர்க்கும்போது நிலம், ஆடு, பனி, கல் சுவர் எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. அண்ணன் தம்பி சண்டை வரும் அத்தியாயம் மட்டும் வரவில்லை. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் இரண்டு வாத்தியார்கள் மரியாதையாக விவாதிப்பது போல இருந்தது. ஐந்தாவது முறை, ஒரு சனிக்கிழமை மதியம், ஒன்பதாம் நோட்டை எடுத்தேன். மாமனார் இறந்த பதினாறாம் நாள் நாகலாபுரத்தில் நடந்த பாகப்பிரிவினைப் பேச்சு அதில் நான்கு பக்கம் இருந்தது, பெரும்பாலும் சிவப்பில். அங்கிருந்து பதினான்கு வாக்கியங்களை எடுத்து நாவலில் வைத்தேன். பதினொன்று அண்ணனுடையவை, மூன்று ஓரகத்தியுடையவை. அத்தியாயத்துக்கு உயிர் வந்தது. அன்று நான் சந்தோஷமாக இருந்ததாகக் குறித்திருக்கிறேன்.

இந்த நாவலாசிரியருக்கு இந்த விஷயத்தில் என்ன நேர்ந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதுதான் எனக்குப் பயம்.

அவர் ஆட்டுப்பண்ணையில் பிறந்தவர். வீட்டில் பேசியது அந்த மலைப்பக்கத்துப் பேச்சு. பிரெஞ்சு பள்ளியில்தான் கற்றார். பள்ளியில் வீட்டுப் பேச்சைப் பேசினால் தண்டனை. அண்ணன் பத்து வயதில் படிப்பை விட்டுவிட்டு ஆட்டோடு போய்விட்டார். இவர் படித்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராகி, ஓய்வு பெறும்வரை அதே மேசையில் இருந்தார். காலை ஐந்து முதல் ஏழு மணிவரை நாவல், எட்டரைக்கு அலுவலகம். முதல் நாவலை மாவட்டத் தலைநகரில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் ஓர் அச்சகம் போட்டது. அவருடைய ஒன்பது நாவல்களும் அங்கேதான் வந்தன. பாரிஸ் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோதெல்லாம் 'வட்டார நாவலாசிரியர்' என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டன. "பாரிஸில் உட்கார்ந்து பாரிஸைப் பற்றி எழுதுகிறவனை யாரும் வட்டார எழுத்தாளன் என்பதில்லை. அதுவும் ஒரு வட்டாரம்தானே" என்று ஒரு கடிதத்தில் எனக்கு எழுதியிருந்தார்.

அந்த இரண்டாவது நாவல்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அப்பா இறந்ததும் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை யாருக்கு என்று இரண்டு சகோதரர்கள் மோதிக்கொள்ளும் கதை. அந்த நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, சுண்ணாம்புப் பாறை வழியே இறங்கிவிடும். எங்கள் கரிசல் தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் ஆள் கால் நுழைகிற அளவு வெடிக்கும். இரண்டு ஊரிலும் ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். புதுச்சேரியில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நான் அந்த நாவலை வாங்கியதற்கு அதுதான் காரணம்.

அதை யாரோ வாசித்துக்காட்டக் கேட்ட அவர் அண்ணன் தன்னை அடையாளம் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு வரவில்லை. ஏதாவது சான்றிதழ் தேவைப்பட்டால் அலுவலகத்துக்கு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, 'எழுத்தர் ஐயா' என்று கூப்பிட்டு வாங்கிப்போவாராம். சாகும்வரை அப்படித்தான்.

மூன்றாவது நாவலிலிருந்து அவர் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார். எந்த வீட்டிலிருந்து கதை வந்ததோ அந்த வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியை முழுதாக வாசித்துக் காட்டுவார். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்தை அங்கேயே பேனாவால் அடித்துவிடுவார். காரணம் கேட்கமாட்டார். பிந்திய நாவல்கள் பலவீனமாகிவிட்டன என்று விமர்சகர்கள் சொன்னார்கள். "என் ஏழு நாவல்களில் ஓட்டைகள் இருக்கின்றன. எந்த ஓட்டை எந்த வீட்டுக்காரருடையது என்று எனக்குத் தெரியும்" என்று எனக்கு எழுதினார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல, அந்த அண்ணனின் மகள்தான் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறாள்.

செவ்வாய் மாலை அவருக்குப் பதில் எழுதவில்லை. புதன் காலை மெய்ப்பை எடுத்து அந்தப் பதினான்கு வாக்கியங்களுக்கும் பக்க எண் குறித்தேன். ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். ஒரு சொல்லை மாற்றினால் பேச்சு செத்தது, மாற்றாவிட்டால் அத்தான் தெரிந்தார். அத்தான் செய்தித்தாள் தவிர எதுவும் படிக்கமாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓரகத்தி வாரப் பத்திரிகைக் கதை ஒன்றையும் விடமாட்டாள். பிரிவினைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள மூன்று வருஷம் ஆனது. இன்னமும் அவர்கள் மழை, விதை, பள்ளிக்கூட விடுமுறை தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பேச்சும் நின்றுபோனால் அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொன்னேன். கணவரிடம், அக்காவுக்கு அழைப்பிதழை நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அது பொய் இல்லை, அழைப்பிதழும் பையில் இருந்தது. மெய்ப்பும் ஒன்பதாம் நோட்டும்கூட இருந்தன. நோட்டை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. யாராவது இல்லை என்றால் காட்டலாம் என்று நினைத்திருக்கவேண்டும். ஏழு நாற்பது பஸ்ஸில் எட்டயபுரம் வழியாகப் போய், விளாத்திகுளத்தில் மாறினேன். இரண்டு பக்கமும் உழுதுபோட்ட நிலம் கறுப்பாக மழைக்குக் காத்துக்கிடந்தது. சில இடங்களில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டிருந்தார்கள். மழை பத்து நாள் தள்ளிப்போனால் அந்த விதை எறும்புக்குத்தான்.

வீட்டு முற்றத்தில் அத்தானும் அக்காவும் பழைய சேலைகளை நீளவாட்டில் கிழித்துக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தில் இறங்காமல் இருக்க, நிலத்தைச் சுற்றிக் கம்பு நட்டுச் சேலையைக் கட்டுவார்கள்.

"வா, பாண்டிச்சேரி. பழைய சேல கேட்டேன்ல, கொண்டாந்தியா?" என்றாள் அக்கா.

"மறந்துட்டேன்க்கா. அழைப்பிதழ் கொண்டாந்திருக்கேன்."

"அதான் போன்லயே சொல்லிட்டாவள. பன்னி அழைப்பிதழப் பாத்தா பயப்படுமா?"

அத்தான் சிரிக்காமல், "அவ புஸ்தகத்தக் கட்டுனா பயந்தாலும் பயப்படும். எத்தனை பக்கம் தாயி?" என்றார்.

"இருநூத்துப் பதினாறு, அத்தான்."

"அப்ப நாலு ஏக்கருக்குக் காணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி குடித்தேன். பிறகு, புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும், கேட்டுவிட்டு எதையாவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன் என்று சொன்னேன்.

"வெள்ளக்காரன் கதைக்கு எங்ககிட்ட எதுக்குத் தாயி கேக்க?"

"கேளுங்க அத்தான், சொல்லுதேன்."

ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். இருவரும் சேலை கிழித்துக்கொண்டே கேட்டார்கள். ஆட்டுப்பாலைக் கட்டியாக்கிக் குகைக்குள் மாதக்கணக்கில் வைத்திருக்கும் இடம் வந்தது.

"கெட்டுப் போவாதா?" என்றாள் அக்கா.

"பூசணம் பூத்தாத்தான் ருசியாம்க்கா."

"அட கண்றாவியே. அதுக்கு ஒரு குகை வேறயா."

"ஏட்டி, நீ வைக்கிற மாவு கெட்டுப் போனாத்தான் இட்லி. பேசாமக் கேளு" என்றார் அத்தான். குட்டையைப் பற்றிய பகுதியை அவர் கவனமாகக் கேட்டார். எவ்வளவு ஆழம், அடியில் களிமண் பூசியிருக்கிறார்களா என்று கேட்டார். கல் பாவியிருக்கிறது என்றேன். தலையாட்டினார்.

பிறகு அப்பா இறந்த வீடு. தம்பி வெளியூரிலிருந்து வருகிறான். குட்டை எழுதப்பட்ட பத்திரம் பற்றிப் பேச்சு வருகிறது. வாசித்தேன்.

"'அப்பா மூச்சு அடங்குமுன்ன பத்திரம் எங்கனன்னு கேட்டவன்தானலே நீ.'"

சேலை கிழிகிற சத்தம் நின்றது. அக்கா நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"மேல வாசி."

வாசித்தேன். மூன்றாவது வாக்கியம் அக்காவுடையது. "இது நாஞ் சொன்னதுல்லா" என்றாள் அவள் சிரித்தபடி. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பதினான்கும் முடிந்தன.

"வெள்ளக்காரனுக்கு இது எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"அவருக்குத் தெரியாது அத்தான். நான்தான் எழுதிவச்சிருந்தேன்."

"எங்கன?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"இது ஒண்ணுதானா?"

"இருபத்தாறு இருக்கு."

"இங்க வந்த நாள்ல இருந்தா?" என்றாள் அக்கா. "அப்ப நான் உன்னப் பேசுனதெல்லாம்?"

"இருக்குக்கா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்க்கா."

"அடிப்பாவி" என்று சேலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வருஷம் கிணற்றடியிலும் அடுப்படியிலும் என்னைப் பேசியதையெல்லாம் அவள் மனதில் ஓட்டிப்பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நான் புத்தகத்துக்குப் பயந்து வந்திருந்தேன். அவர்கள் பயந்தது நோட்டைப் பார்த்து.

அத்தான் கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தார். "அன்னைக்குப் பக்கத்த எடு. முழுசா வாசி" என்றார்.

நான்கு பக்கம் வாசித்தேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தது, எத்தனை மணிக்குக் காப்பி வந்தது, பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருந்தது, எல்லாம் இருந்தது. அத்தான் சொன்னார், அக்கா சொன்னாள், அத்தான் சொன்னார். அவர் கடைசிவரை குறுக்கிடவில்லை.

"தம்பி சொன்னது எங்க?"

பக்கங்களைத் திருப்பினேன். முன்னும் பின்னும் பார்த்தேன். பத்திரம் பற்றிய அந்த வாக்கியத்துக்கு அடுத்து, நீல மையில் இரண்டே சொல் இருந்தது. 'பதில் சொன்னார்.'

"என்ன பதில்னு எழுதலியா?"

"இல்ல அத்தான்."

"உனக்கு ஞாபகமும் இல்லியா?"

நோட்டை மூடினேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று எழுத உட்கார்ந்தபோதும் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு வைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எதையும் விடாமல் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன்.

"எனக்கு இருக்கு" என்றார் அத்தான். "'அப்பாவப் பாத்துக்கிட்டதுக்குக் கூலி எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துருதேன்.' இதச் சொன்னான். ஒன்றரை வருஷம் பீ, மூத்திரம் அள்ளுன ரெண்டு பேர முன்னால வச்சுச் சொன்னான். நான் நாகலாபுரத்துக்கும் சொல்லல, சொக்காரங்க பங்காளிகளுக்கும் சொல்லல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொன்னத எடுக்க வேண்டாம். சொன்னேன்தான், இல்லைங்கல. ஆனா அவன் சொன்னதும் அதுல இருக்கணும். இல்லன்னா படிக்கவன் என்ன நெனைப்பான்? சும்மா நின்ன தம்பியப் பாத்து இந்த நாய் கொலச்சுச்சுன்னு நெனைப்பான்."

"அது என் புத்தகம் இல்ல அத்தான். அவரு எழுதாதத நான் சேக்க முடியாது."

"அதுல தம்பி என்ன சொல்லுதான்?"

மெய்ப்பைப் பார்க்கத் தேவையில்லை. "'தம்பி பதில் சொல்லவில்லை'ன்னு இருக்கு."

"இத எழுதுன வெள்ளக்காரரு, அவரு வீட்டுல அண்ணனா, தம்பியா?"

"தம்பி."

"அதான" என்று எழுந்தார். சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அக்கா எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றும்போது, "இதையும் எழுதுவியா?" என்று மட்டும் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்க ஆசைப்பட்டேன்.

அன்று மாலையே நாவலாசிரியருக்கு எழுதினேன். அண்ணன் யார் குரலில் பேசுகிறான், அதை நான் எங்கிருந்து எடுத்தேன், நாகலாபுரத்தில் என்ன கேட்கப்பட்டது, எல்லாம் எழுதினேன். கடைசியில், 'தம்பி பதில் சொல்லவில்லை' என்ற வரி உண்மையா என்று கேட்டேன். அனுப்பியபிறகு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது. எண்பத்தாறு வயதுக்காரர். தட்டச்சு செய்கிறவள் அந்த அண்ணனின் மகள்.

வெள்ளி, சனி, ஞாயிறு பதில் இல்லை. திங்களன்று அச்சகக்காரர் கூப்பிட்டார். "டீச்சர், அட்டை அடிச்சாச்சு. உள்ள எப்பத் தருவிய? தீபாவளி வேலை குமிஞ்சு கெடக்கு." வெள்ளிக்கிழமை என்றேன். செவ்வாயும் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்தாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் திரும்பக் கொண்டுவந்து, "மிஸ், எல்லாம் தப்பாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள்.

புதன் மாலை வந்தது. வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிறவர், பத்து வரிதான் எழுதியிருந்தார். தம்பி பதில் சொன்னான் என்று எழுதியிருந்தார். குட்டைக்கரையில், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால், பத்திரத்தை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டி, 'ஆடு மேய்க்கிறவனே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு வாசிக்கத் தெரியுமா' என்று கேட்டான். அண்ணனுக்குச் சரியாக வாசிக்க வராது. நாவலில் அந்த இடத்தில் தம்பியை வாயடைத்து நிற்கவைத்தது தான்தான். 'எல்லா வீட்டிலும் வாசித்துக் காட்டினேன், என் வீட்டு ஓட்டையை மட்டும் நானே போட்டு நானே பூசினேன்' என்று எழுதியிருந்தார். 'இந்த வாக்கியத்தைத் தமிழில் சேர்த்துவிடுங்கள், பிரெஞ்சில் சேர்க்க எனக்கு இனி நேரமில்லை' என்று முடித்திருந்தார்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'இதை நான்தான் தட்டச்சு செய்தேன். சேர்த்துவிடுங்கள். அண்ணன் மகள்.'

இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். மறுபடி வாத்தியார் பேச்சாகத்தான் வந்தது. அண்ணன் நாகலாபுரத்துத் தமிழில் பேச, தம்பி புதுச்சேரித் தமிழில் பதில் சொன்னான். வியாழன் மாலை கணவர் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவியபிறகு, மெய்ப்பை அவர் முன்னால் வைத்து, அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். நாகலாபுரம் போனதையும் நோட்டு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் நிதானமாகப் படித்தார். ஒரு பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். "நீ என் பேச்ச ஏன் எழுதல?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுங்கிறதால."

பிரெஞ்சுக்காரரின் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். இதை நம் பக்கம் எப்படிச் சொல்லுவீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பியபடியே, மெதுவாக, ஆனால் அந்தப் பதினாறாம் நாள் கேட்ட அதே குரலில் சொன்னார்.

"'ஏலே, ஆடு மேய்க்கிறவனே. இதுல என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக்கூட்டியாவது சொல்லு, பாப்பம்.'"

எழுதிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து, "அந்த ஆளு பரவாயில்ல. வாசிக்கத் தெரியுமான்னு மட்டுந்தான் கேட்டிருக்காரு" என்றார். அன்று இரவு சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். வெள்ளிக்கிழமை பக்கங்களை அச்சகத்தில் கொடுத்தேன். தம்பி சொல்லும் அந்த வாக்கியம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வந்திருந்தது.

வெளியீட்டு நாள் ஞாயிறு, மழை பிடித்துக்கொண்டது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் பேசினார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் குறிப்பு இல்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றேகாலுக்கு அக்கா வந்தாள், தனியாக, குடையை மடக்கிக்கொண்டு.

"அவிய வரல" என்றாள்.

"கோவமா இருக்காவளாக்கா?"

"அத அவியகிட்டக் கேளு. ஒரு புஸ்தகம் வாங்கிட்டு வரச் சொன்னாவ. ஓசியில வாங்காதன்னு ரூவா குடுத்துவிட்டிருக்காவ." மேசையில் ரூபாயை வைத்துப் புத்தகத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடையில் வைத்தாள். என் கணவர் கிட்டே வந்து, "மதினி, சாப்புட்டுப் போங்க" என்றார். "மழைக்குள்ள பஸ் பிடிக்கணும்" என்று அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. எழுதிவைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நாகலாபுரத்திலிருந்து போன் வரவில்லை. மழையைப் பற்றிக்கூட இல்லை. இந்த மழைக்கு அத்தான் கூப்பிடாமல் இருந்ததே கிடையாது. முளைப்பு எப்படி என்று இரண்டு வார்த்தை சொல்லுவார். கணவர் ஒவ்வொரு மாலையும் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று பத்தாவது நாள், புதன்கிழமை. கணவர் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் நாகலாபுரம் போயிருக்கிறார். என் பழைய சேலைகள் ஆறு எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினொன்று பத்துக்குப் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நேற்றும் இன்றும் நல்ல மழை, காட்டில் கால் வைக்கமுடியாது, அதனால் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார் என்றார். வா என்று ஒரு சொல் சொன்னதோடு சரி, வேறு பேச்சு இல்லையாம்.

"என்ன செய்யுதாவ?"

"வாசிச்சுக்கிட்டு இருக்கான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு, விரலை வச்சு, வரி வரியா. நான் வந்ததுல இருந்து நாலு பக்கம் தாண்டிருக்கு."

"எத்தனாவது பக்கம்?"

அவர் எட்டிப் பார்த்திருக்கவேண்டும். சற்றுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எழுபத்தாறு."

"நீங்க எப்ப வாரிய?"

"அவன் நூத்திப் பன்னிரண்டு தாண்டட்டும். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

இப்போது மூன்று மணி இருபது நிமிடம். இன்னும் போன் இல்லை.